தட்டின் இடப்பக்கம் ஒரு பொத்தான்

கலுங்காவை அடக்கம் செய்த அன்று அவனுக்கு முன்னால் குழிக்குள் இறங்கிப் படுத்தவள் நான். படுத்துக்கொண்டு நான் சொன்னதைக் கேட்டு, சுற்றி நின்ற ஊரே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. நான் சொன்னது அத்தனையும் உண்மை.

முதலிலிருந்து சொல்கிறேன், பிள்ளைகளே.

அவன் வெள்ளாட்டுக் குலம். நான் சிறுத்தைக் குலம். சிறுத்தை ஆட்டைத் தின்னும், அதனால் இரண்டு குலத்துக்கும் நடுவே கேலிமுறை. அவனை எங்கே கண்டாலும் நான் என்ன வேண்டுமானாலும் பேசலாம், அவன் தட்டிலிருந்து மீனை எடுத்துத் தின்னலாம், அவன் முகம் சுளிக்கக்கூடாது. அவன் பேசுவதற்கு நானும் சுளிக்கக்கூடாது. ஒருவர் செத்துப்போனால் குழி தோண்டுவதும், அழுகிறவர்களைச் சிரிக்க வைப்பதும் மற்றவர் பொறுப்பு. கேலிமுறைக்காரர் வாயிலிருந்து வருவதை யாரும் உண்மை என்று எடுத்துக்கொள்வதில்லை. எடுத்துக்கொண்டால் அப்புறம் அந்த உறவுக்கு அர்த்தமே கிடையாது.

லுவாங்வா ஆற்றங்கரையில் மழை நின்று புல் காய்ந்ததும் வேட்டை முகாம் போடுவார்கள். மூங்கிலும் புல்லும் கொண்டு கட்டி, அடுத்த மழைக்கு ஆற்றோடு போகவிடுகிற முகாம். வேட்டைக்கு வருகிற வெளிநாட்டுக்காரர்களின் துணிகளை நான் துவைப்பேன். எங்கள் ஆட்களுக்குச் சமைத்துப் போடுவதும் நான்தான். கலுங்கா தடம் பார்க்கிறவன். பத்தொன்பது பருவம் ஒரே அடுப்பைச் சுற்றி உட்கார்ந்திருக்கிறோம்.

அவன் கண்ணைப்பற்றி இந்தப் பள்ளத்தாக்கில் தெரியாதவர்கள் கிடையாது. ஓடுகிற வண்டியில் நின்றுகொண்டே, புல்நுனியில் ஒட்டியிருக்கிற ஒரு சொட்டு ரத்தத்தைக் காட்டுவான். நேற்றைய தடமா, இன்றைய தடமா என்று அதன் ஓரத்து மண் உதிர்ந்திருப்பதைப் பார்த்துச் சொல்வான். முகாமுக்குப் பெரியவர், 'ஐயா' என்பதற்கு நாங்கள் 'ப்வானா' என்று கூப்பிடுகிற டெனிஸ், வெள்ளைக்காரர் என்றாலும் இந்த ஆற்றுத் தண்ணீரில் வளர்ந்தவர், எங்கள் மொழியில்தான் கோபப்படுவார். அவர் துப்பாக்கியை எடுக்க மறந்தாலும் மறப்பார், கலுங்காவை ஏற்றாமல் வண்டியை எடுக்கமாட்டார்.

காலையில் தேநீர் ஊற்றும்போதே எங்கள் சண்டை ஆரம்பித்துவிடும்.

"ஏ ஆடு! இன்னைக்கும் காட்டுக்கா? உப்பும் மிளகாயும் தடவி அனுப்பட்டுமா? என் தங்கச்சிங்களுக்கு வேலை மிச்சம்."

"உன் தங்கச்சிங்களா? போன வாரம் ஒருத்தி தலைவர் வீட்டுல தோலா விரிஞ்சு கிடந்தா. அவரு அவ மேல உட்கார்ந்து வெற்றிலைப் பொட்டியைத் தேடிட்டு இருந்தாரு. நல்ல மெத்து மெத்துன்னு இருந்தா."

வெற்றிலைப் பொட்டி என்றா சொன்னேன்? மூக்குப்பொடி டப்பா. எங்கள் தலைவருக்கு மூக்குப்பொடி இல்லாவிட்டால் நியாயம் பேச வராது. வயதாகிவிட்டது, ஒன்றை எடுத்தால் இன்னொன்று கையில் வருகிறது.

ஒவ்வொரு பருவத்திலும் முதல் சாப்பாட்டன்று அவன் தட்டில் எதையாவது ஒளித்துவைப்பேன். ஒரு வருஷம் கரித்துண்டு, ஒரு வருஷம் செத்த வண்டு. உட்காருவதற்கு முன்னாலேயே கண்டுபிடித்து எடுத்து என் தண்ணீர்க் குவளையில் போட்டுவிடுவான். அந்த வருஷம் எனக்குக் கொழுப்பு கொஞ்சம் கூடிப்போயிற்று. துவைத்த சட்டை ஒன்றிலிருந்து கழன்று விழுந்த கறுப்புப் பொத்தானை எடுத்து, வெள்ளை வெளேரென்ற ந்ஷிமாக் களியின் மேலேயே, தட்டின் இடப்பக்கமாக வைத்தேன். ஈ உட்கார்ந்த மாதிரி பளிச்சென்று தெரிந்தது. 'உன் கண்ணுக்கு இதுவே போதும்' என்று நக்கல் செய்வதற்காக.

அவன் கையைக் கழுவினான். வலப்பக்கத்திலிருந்து களியைப் பிட்டு உருட்டித் தின்றுகொண்டே வந்தான். இடப்பக்கம் வந்ததும் பொத்தானோடு சேர்த்துப் பிட்டு, குழம்பில் தோய்த்து, வாயில் போட்டான். கடக்கென்று சத்தம்.

அடுப்பைச் சுற்றி இருந்தவர்கள் உருண்டு புரண்டு சிரித்தார்கள். வண்டி ஓட்டுகிற சகாலாவுக்குப் புரையேறிவிட்டது. கலுங்காவும் சிரித்தான். "ஆடுதானே! துணி, பொத்தான், செருப்பு, எல்லாம் தின்போம்" என்றான்.

நானும் சிரித்தேன். ஆனால் துப்பிய பொத்தானைக் கீழே தேடும்போது அவன் தலையை முழுக்கத் திருப்பி, கோழி தானியத்தைப் பார்ப்பதுபோல் ஒரு பக்கமாகப் பார்த்தான். அதைப் பார்த்ததும், அவனுக்கு முந்தி நானே அந்தப் பொத்தானைப் பொறுக்கித் துணி முனையில் முடிந்துகொண்டேன்.

மறுநாள் ஆற்றுக்குப் போகிற வழியில் ஒரு கட்டையின்மேல் உட்கார்ந்து செருப்புக்கு வார் தைத்துக்கொண்டிருந்தான். இடப்பக்கமாகச் சத்தமில்லாமல் போய் அவன் இடது கண்ணுக்கு நேரே கையை நீட்டினேன். இமை அசையவில்லை.

"என்ன சிறுத்தை, இவ்வளவு கிட்ட வந்தும் பாயலையா?" என்றான், தையலிலிருந்து தலையை எடுக்காமல். "மூச்சு வாங்குது உனக்கு. கிழடாயிட்ட."

"கண்ணு எப்போ போச்சு?"

ஊசியை வாரில் குத்திவைத்தான். "மழைக்காலத்துல. முதல்ல புகை மாதிரி இருந்துச்சு. அப்புறம் பால் ஊத்தின மாதிரி."

"மோனிகாவுக்குத் தெரியுமா?" மோனிகா அவன் மனைவி.

"அவளுக்கு எதுக்கு? அவ பார்க்கிறதுக்கு அழகாத்தானே இருக்கேன்."

"விளையாடாதே. ப்வானாகிட்டே சொல்லு. வேற வேலை குடுப்பாரு. தோல் உரிக்கிற கொட்டகையில ஆள் இல்லாம கிடக்கு."

"இருபது வருஷமா நான் காட்டின விலங்கோட தோலை இனிமே நான் உரிச்சுட்டு உட்காரவா?" அப்போதுதான் என் பக்கம் முழுசாகத் திரும்பினான். "இந்த ஒரு பருவம். இன்னொரு கண்ணு இருக்கில்ல? அது போதும். மழை வந்ததும் நானே சொல்லிடறேன்."

"நீ சொல்லாட்டி நான் சொல்லுவேன்."

அவன் முகம் மலர்ந்துபோயிற்று. "சொல்லேன்! முரசு அடிச்சுச் சொல்லு. ஆட்டுக்குக் கண்ணு தெரியலன்னு சிறுத்தை சொன்னா எவன் நம்புவான்?"

நான் சொன்னேன். அன்று மாலையே, எல்லோரும் உட்கார்ந்திருக்கும்போது, ப்வானாவும் அடுப்பண்டை வந்திருந்தபோது சொன்னேன். "கேளுங்க, இந்த ஆட்டுக்கு இடது கண்ணு அவிஞ்சு போச்சு. பொத்தானைத் தின்னப்பவே தெரியலையா?" அடுப்பே அணைந்துவிடும்போல் சிரிப்பு. ப்வானா சொன்னார்: "ஒத்தைக் கண்ணாலேயே இவ்வளவு பார்க்கிறான்னா, ரெண்டும் இருந்திருந்தா என் மனசுக்குள்ள இருக்கிறதையும் பார்த்திருப்பான்." கலுங்கா எனக்கு நேரே குவளையை உயர்த்திக் காட்டினான்.

சகாலாவைத் தனியாகப் பிடித்தும் சொன்னேன். "சம்பா அம்மா, உங்களுக்கு நடிப்பு நல்லா வருது" என்றான். சம்பா என் மூத்த மகள்; என்னை அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

ஆகஸ்டில் ஸ்பெயின்காரர் ஒருவர் வந்தார். எழுபது வயதிருக்கும், ஓயாத இருமல். துவைத்த சட்டையைக் கொண்டுபோய்க் கொடுத்தால் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு தலை குனிவார். அவருக்கு ஒரு சிறுத்தை வேண்டியிருந்தது. அத்திமரக் கிளையில் ஒரு புக்கு மானைக் கட்டித் தொங்கவிட்டு, எதிரே புல்லால் மறைவு கட்டி, ஐந்து மாலை காத்திருந்தார்கள். ஆறாவது மாலை, பொழுது சாய்கிற நேரத்தில் துப்பாக்கிச் சத்தம் முகாமுக்குக் கேட்டது.

சிங்கமோ சிறுத்தையோ விழுந்தால், வண்டி ஆற்று வளைவுக்கு வரும்போதே அதிலிருப்பவர்கள் பாட ஆரம்பித்துவிடுவார்கள். நாங்கள் சட்டி, தகரம், கையில் கிடைத்ததைத் தட்டிக்கொண்டு எதிரே ஓடுவோம். அன்று சட்டியும் கையுமாக நின்றேன். வண்டி பாட்டில்லாமல் வந்தது.

கலுங்கா இறங்கினான். "தோள்ல பட வேண்டியது வயித்துல பட்டிருக்கு. ஓடைப் புதருக்குள்ள இறங்கிட்டுது. இந்த வெளிச்சத்துல உள்ளே போக முடியாது. காலையில போகணும்." ஸ்பெயின்காரர் வண்டியிலிருந்து இறங்கவே இல்லை, முகத்தைக் கையில் புதைத்து உட்கார்ந்திருந்தார். காயப்பட்டதை விட்டுவிட்டுவருவது எங்கள் பக்கத்தில் பெரிய பாவம். அது வலியோடு கிடக்கும். விறகு பொறுக்கப் போகிற பெண்ணின்மேல் பாயும். யாராவது உள்ளே போய்த்தான் ஆகவேண்டும். முன்னால் போகிறவன் தடம் பார்க்கிறவன். அவன் குனிந்தே நடக்கவேண்டும்.

மறுநாள் சூரியன் ஆற்றுக்குமேல் தலை காட்டும்போது நான் ப்வானா இருந்த இடத்துக்குப் போனேன். தோட்டாக்களைத் துடைத்துக்கொண்டிருந்தார். நான் மண்ணில் மண்டியிட்டு, பெரியவர்களிடம் பேசும்போது தட்டுவதுபோல் இரண்டு உள்ளங்கையையும் மெல்லத் தட்டினேன். அத்தனை வருஷத்தில் நான் அவருக்குமுன் மண்டியிட்டது அதுதான் முதல் தடவை.

"ப்வானா, இன்னைக்குக் கலுங்கா வேணாம். அவனுக்கு இடது கண்ணு நிஜமாவே தெரியாது. என் பிள்ளைங்க மேல சத்தியம்."

அவர் கை நின்றது. என்னையே பார்த்தார். "சம்பா அம்மா, உண்மையா?"

'ஆமாம்' என்று சொல்ல வாயைத் திறந்தேன். பிள்ளைகளே, அந்த ஒரு சொல் என் நாக்கு நுனியில் இருந்தது. அதற்குள் பின்னாலிருந்து கலுங்கா குரல்.

"கேட்டுடாதீங்க ப்வானா! காயப்பட்டுக் கிடக்கிறது இவளோட சொந்தச் சின்னம்மா. அவளைக் காப்பாத்தறதுக்காக ராத்திரி முழுக்க யோசிச்சு வந்திருக்கா. பாருங்க, மண்டி கூடப் போட்டுட்டா! சிறுத்தை மண்டி போட்டா பாயப் போகுதுன்னு அர்த்தம்!"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

அதைத்தான் இன்றுவரைக்கும் என்னால் தின்று செரிக்க முடியவில்லை. பத்தொன்பது வருஷப் பழக்கம். அவன் ஒரு வார்த்தை விட்டால் என் வாய் தானாகச் சிரிக்கும். மண்டியிட்டபடியே, கண்ணில் தண்ணீரோடு சிரித்தேன். ப்வானாவின் முகம் தளர்ந்தது. அவரும் சிரித்தார். "இன்னைக்கு ஒரு நாளாவது விட்டிருக்கக் கூடாதா, ரெண்டு பேரும்?" என்றார். கலுங்கா அக்கரை மரத்து உச்சியைக் காட்டி, "மீன்கழுகு உட்கார்ந்திருக்கு, கால்ல மீன் இருக்கு" என்றான். ப்வானா தொலைநோக்கியில் பார்த்தார். மீன் இருந்தது. அவன் அதை வலது கண்ணால் பார்த்தான் என்று எனக்கு மட்டும் தெரியும்.

தேநீரை நான் அவன் வலப்பக்கமாக நின்று கொடுத்தேன். அவன் கவனித்துவிட்டான்.

"பயப்படாதே," என்றான் மெதுவாக. உடனே, மற்றவர்கள் காதில் விழும்படி: "சாயங்காலம் உன் சின்னம்மாவைக் கொண்டாறேன். விரிச்சுப் படுத்துக்கோ!"

"நீ வராட்டி எனக்கு ஒரு வாய் இறைச்சி நஷ்டம்" என்றேன். அதுதான் நான் அவனிடம் கடைசியாகச் சொன்னது.

வெயில் உச்சிக்கு வருவதற்கு முன்னால் ஓடைப் பக்கமிருந்து ஒரு வெடிச்சத்தம், அது அடங்குவதற்குள் இன்னொன்று. துவைக்கிற கல்மேல் ஈரத்துணியை விட்டுவிட்டு ஓடிப்போய்த் தகரத்தை எடுத்துக்கொண்டு ஆற்று வளைவில் நின்றேன். பாட்டு வரும், வரும் என்று காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். வண்டி வந்தது. முகாமுக்குள் திரும்பவில்லை. மிஷன் ஆஸ்பத்திரிப் பாதையில் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போயிற்று. பின்பக்கத்தில் ப்வானா யாரையோ மடியில் கிடத்திக்கொண்டு குனிந்திருந்தார். அவர் சட்டை முழுக்கச் சிவப்பு.

படகுத்துறை தாண்டுவதற்கு முன்பே அவன் போய்விட்டான்.

சகாலா திரும்பி வந்து அடுப்பு முன்னால் உட்கார்ந்து சொன்னான். "ரத்தத்தைப் பார்த்துக்கிட்டே குனிஞ்சு போனாரு. ப்வானா அவருக்கு வலப்பக்கமா துப்பாக்கியோட. இடப்பக்கம் முள்ளுச் செடி. அதுக்குள்ளதான் படுத்திருந்துச்சு, அம்மா, மூணு எட்டுக்கூட இருக்காது. காது ஒண்ணு வெளியே தெரிஞ்சுச்சு. வண்டி மேல நின்ன எனக்கே தெரிஞ்சுச்சு! நான் கத்தறதுக்குள்ள... அவரு திரும்பவே இல்ல. அது மேல விழுந்த அப்புறம்தான் திரும்பினாரு. தூரத்துல நிக்கிற மானுக்கு உண்ணி எந்தக் காதுல இருக்குன்னு பார்க்கிற மனுஷன், அவருக்கு எப்படித் தெரியாமப் போச்சு?"

நான் கையிலிருந்த தகரத்தைக் கீழே வைத்தேன்.

அவன் ஊருக்கு நானும் போனேன். எங்கள் குலத்து ஆண்கள் குழி தோண்டினார்கள். தோண்டும்போதே, "ஆட்டுக்கு எதுக்கு இவ்வளவு நீளம்? காலை மடக்கினா போதாதா?" என்று சத்தமாகக் கேட்டார்கள், முறைப்படி. மோனிகா தலையில் மண்ணை வாரிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஆட்டுக் குலத்து மூத்தவர் எழுந்து நின்று, கலுங்காவைப்பற்றிப் பேசினார். இந்தப் பள்ளத்தாக்குக்குக் கண்ணாக இருந்தவன், அந்தக் கண் மூடிவிட்டது என்றார். பிறகு எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

நான் நகரவில்லை. என்னால் முடியாது என்று பக்கத்திலிருந்தவளிடம் சொன்னேன். அவள் என் தோளைத் தள்ளினாள். கேலிமுறைக்காரர் பேசாத பிணத்தை இறக்க முடியாது. இறக்கினால் அவன் வீட்டு வாசலுக்கே திரும்பித் திரும்பி வருவான் என்பார்கள். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. மோனிகா தலையை நிமிர்த்தி, கையெடுக்காத குறையாக என்னைப் பார்த்தாள்.

இடுப்பில் சுற்றியிருந்த சிதெங்கேத் துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு குழிக்குள் இறங்கினேன். அடியில் மண் குளிர்ச்சியாக இருந்தது. படுத்தேன்.

"இந்த இடம் எனக்கு!" என்று கத்தினேன். "ஆட்டை வேற எங்கேயாவது கட்டிப் போடுங்க!"

ஒருவர் இருவர் சிரித்தார்கள். அதற்குமேல் எனக்குக் கேலி எதுவும் வரவில்லை. உண்மைதான் வந்தது.

"என்னைப் பாருங்க, நான் இடப்பக்கமா ஒதுங்கிப் படுத்திருக்கேன். ஏன்னா இந்தப் பக்கம் அவனுக்குத் தெரியாது! கண்ணு அவிஞ்ச ஆடு! ஊருக்கே கண்ணுன்னு இப்ப ஒருத்தர் சொன்னாரே, அந்தக் கண்ணு களி மேல இருந்த பொத்தானைத் தின்னுச்சு! ஆறு மாசமா ஒத்தைக் கண்ணால உங்க எல்லாரையும் ஏமாத்தினான்! நான் சொன்னேன். எல்லார்கிட்டேயும் சொன்னேன். எவனாவது கேட்டீங்களா? மண்டி போட்டுச் சொன்னேன்!"

ஊர் குலுங்கிச் சிரித்தது. எனக்கு மேலே வானத்தைச் சுற்றி ஒரு வட்டம் பற்கள். அந்த மூத்தவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். என் முகமெல்லாம் கண்ணீர்; அதையும் நடிப்பென்று நினைத்து இன்னும் சிரித்தார்கள். மோனிகாவும் சிரித்தாள். மூன்று நாளாக வாய் திறக்காதவள், மார்பில் அடித்துக்கொண்டே சிரித்து, அந்தச் சிரிப்பிலிருந்தே பெரிய அழுகையாக அழ ஆரம்பித்தாள். அதன்பிறகுதான் அவனை இறக்கினார்கள். கூட்டத்துக்கு வெளியே ஸ்பெயின்காரர் தொப்பியை மார்போடு அணைத்துக்கொண்டு, ஒன்றும் புரியாமல் நின்றார்.

ப்வானா டெனிஸ் சிரிக்கவில்லை.

கூட்டம் கலைந்து கை கழுவுகிற இடத்தில் என்னிடம் வந்தார். அவர் தோளிலும் சிறுத்தை கீறியிருந்தது, கட்டுப் போட்டிருந்தார். மூன்று நாளில் பத்து வயது கூடின மாதிரி இருந்தார்.

"சம்பா அம்மா." சுற்றும்முற்றும் பார்த்தார். "குழிக்குள்ள நீங்க சொன்னது... அன்னைக்குக் காலையில சொன்னது... அது கேலிதானே?"

ஒரு பருவம் முழுக்க என்னை ஒருவராவது நம்பமாட்டார்களா என்று தவித்தேன். இதோ ஒருவர் நம்பத் தயாராக நிற்கிறார். அவருக்குப் பின்னால் மோனிகா தெரிந்தாள். இரண்டு பெண்கள் அவளைத் தாங்கிப் பிடித்திருந்தார்கள், ஆட்டுக் குலத்து மூத்தவர் அவளிடம் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். 'கண்' என்ற சொல் மட்டும் எனக்குக் கேட்டது. இன்னும் பத்து வருஷம் அவள் அந்தச் சொல்லை வைத்துத்தான் சாப்பிடவேண்டும், தூங்கவேண்டும். இந்த மனுஷனும் தோள் காயம் ஆறியபிறகும் வாழவேண்டும்.

"கேலிதான் ப்வானா," என்றேன். "அவனுக்கு ரெண்டு கண்ணும் நல்லாத்தான் இருந்துச்சு. அது சிறுத்தை. யார் கண்ணுக்கும் தெரியாமத்தான் படுக்கும். எங்க குலத்தை எனக்குத் தெரியாதா?"

அவர் நீண்ட மூச்சு விட்டார். என் கையைப் பிடித்து ஒருமுறை அழுத்திவிட்டு வண்டிப் பக்கம் போனார்.

மோனிகா போய்ச் சேர்ந்து நான்கு மழை ஆகிவிட்டது. ப்வானாவும் இப்போது இல்லை. அந்தப் பொத்தான் என்னிடம் இருக்கிறது. அவன் கடித்த இடத்தில் ஓரம் பெயர்ந்திருக்கும். இத்தனை நாள் கழித்து உங்களிடம் சொல்லிவிட்டேன். நம்புங்கள், நம்பாமல் போங்கள். சிரிப்பு வந்தால் அடக்காதீர்கள், கண்ணுகளா. அது அவனுக்குச் சேரவேண்டியது.